தொலைந்தாராம்

இதுவரை ஆறு பேரின் வாழ்க்கையை எழுதியிருக்கிறேன்.
நால்வருக்கு, அவர்களாகவே நின்று.
'நான் பிறந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்று
காணாத ஊர்களில் நான்கு முறை பிறந்தேன்.
தன்மையில் எழுதினால் கூலி வரும்,
படர்க்கையில் எழுதினால் வக்கீல் கடிதம் வரும்.
தொழிலில் நான் கற்ற இலக்கணம் அவ்வளவுதான்.

சிற்றம்பலம் அட்டையில் அடங்காதென்று
முதல் புத்தகத்திலேயே 'சிட்டி' ஆக்கினார்கள்.
அடுத்தவர் பிறந்த தேதிக்காகத்
தேவாலயப் பதிவேடு வரை போகிறவள்
அதற்கு மட்டும் தலையாட்டினேன்.

ஒரு கால்பந்துக்காரர் நோயில் கிடந்தபோது
கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே கேட்டது பதிப்பகம்.
கொடுத்தேன்,
மூச்சு வரும் வாயை அளந்து
வாய்க்கரிசி எடுத்துவைத்த மாதிரி.
அவர் பிழைத்துக்கொண்டார்.
கிறிஸ்மஸுக்கு வாழ்த்தட்டை அனுப்புகிறார்.
அத்தியாயம் இன்னும் கணினியில் கிடக்கிறது.
நல்ல நடை. அழிக்க மனம் வரவில்லை.

ஏழாவது, லெனார்ட் ஓக்ஷாட்.
இருபத்திரண்டு வருடம் சனிக்கிழமை இரவுகளில்
வினாடிவினா நடத்தியவர்.
தோற்றவர்களுக்கு மட்டும் பரிசு கொடுத்து
நாட்டைச் சிரிக்கவைத்தவர்.
அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்:
'மீன்பிடிக் கப்பலில் போனார். கடலில் தொலைந்தார்.
எனக்கு ஆறு வயது.'
நூற்றுப்பதினொரு பேட்டிகள், ஒரு சொல் பிசகவில்லை.
பிசகாத கதையென்றால் எனக்கு மூக்கில் வியர்க்கும்.

ஓக்ஷாட் இறந்த மறு மார்ச்சில் கிளீதோர்ப்ஸ் போனேன்,
அவருடைய தங்கையைப் பார்க்க.
நீர் இறங்கி, ஒரு மைலுக்குச் சேறு.
கடல் என்பதே யாரோ சொன்ன சேதி போலிருந்தது.
நொரீனுக்கு எண்பத்தொன்று.
அரை மணி நேரம் காற்றைப் பற்றியே கதைத்தாள். பிறகு
ஒரு சப்பாத்துப் பெட்டியை மேசையில் வைத்து
'தேத்தண்ணி போட எனக்குப் பத்து நிமிடமாகும்' என்று
குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே ரசீதுகள்.
லிங்கன் பக்கம் ஒரு மனநோய் மருத்துவமனை.
மாதம் தவறாமல் மகன் அனுப்பிய பணம்:
புகையிலைக்கு, கம்பளிக் காலுறைக்கு,
எண்பத்தொன்று அக்டோபரில் ஒரு சவப்பெட்டிக்கு.
பார்வையாளர் அட்டையும் இருந்தது.
ஒரு வரிகூட நிரம்பவில்லை.

கைப்பேசி என் மடியில்.
வக்கீலிடம் முன்பே கேட்டிருந்தேன்.
'இறந்தவருக்குச் சட்டப்படி மானம் கிடையாது' என்றார்,
நல்ல செய்தி சொல்லும் குரலில்.
குசினியில் கெட்டில் கொதித்து அடங்கியது.
மறுபடி கொதித்தது.
வயதானவள், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.
பெட்டியை மூடினேன்.

திரும்பும் ரயிலில் தோன்றியது:
தமிழில் என்றால் 'தொலைந்தாராம்' என்று
ஓர் 'ஆம்' போட்டு நழுவியிருக்கலாம்.
பழி சொன்னவனுக்கு, எழுதியவள் கை சுத்தம்.
ஆங்கிலத்தில் அத்தனை சின்னக் கதவு இல்லை.
'கடலில் தொலைந்தார்' என்றே எழுதினேன்.
பதினான்காம் பக்கம்.

கண்ணியமான நூல் என்றது ஒரு நாளிதழ்.
அதை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்,
இதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நொரீனின் கடிதம்:
'பதினாலாம் பக்கம் பார்த்தேன்.
அவன் சொன்ன பொய், அவன் சொன்ன மாதிரியே.
முப்பத்துநாலு வருடம் அப்பாவைப் பார்க்க
யாரும் போகவில்லை. நானும்தான்.
வேறு யாராவது சொல்லட்டும் என்றுதான் பெட்டியை வைத்தேன்.
கெட்டிலை இரண்டு தரம் கொதிக்கவிட்டேனே, பெண்ணே.'

மென்னட்டைப் பதிப்புக்குத் திருத்தம்
வெள்ளிக்குள் வேண்டுமாம்.
அப்பாவின் பெயரைக் கேட்டு
நொரீனுக்கு எழுதியிருக்கிறேன்.
ஒவ்வொரு ரசீதிலும் இருந்தது அது.
படித்தேன்.
நினைவில் நிற்கவில்லை.